சிவப்புத் துண்டு ஒட்டிய அட்டை

அந்தச் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் இருந்தவர்கள் மூன்று பேர்: பதிவேட்டின் பொறுப்பாளர் ஸோல்வெய், மருந்தாளர் ஹன்ஸ், எழுத்தராக நான். இல்லாதவர்களும் மூன்று பேர்: குழந்தை பார்க்க அப்பாமாருக்குக் கிடைக்கிற லீவில் போயிருந்த ஆர்னே, வேலையை விட்டு ஓய்வு பெற்றுவிட்ட ஒரு டாக்டர், ஒஸ்லோவில் ரொம்சோஸ் அடுக்குமாடி வீட்டில் தன் கால்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ராணி மாமி. கூட்டக் குறிப்பில் என் பெயர் வந்தவர்கள் வரிசையில் இருக்கிறது. ஆனால் மாமியின் அட்டை மேசைக்கு வந்த பத்து நிமிடமும் நான் கதவுக்கு வெளியே நின்றேன். கண்ணாடிக்குள்ளால் ஸோல்வெய் ஒரு தோடம்பழத்தின் ஆரஞ்சுத் தோலை உரிப்பது தெரிந்தது. ஈஸ்டர் நெருங்கினால் நோர்வேக்காரர் எல்லோருடைய பையிலும் தோடம்பழம் இருக்கும்.

எனக்கு இப்போது முப்பத்திரண்டு வயது. இந்தப் பத்திரிகையில் வேலை ஓய்ந்தவர்கள் எழுதுகிற பக்கத்தில் என் பெயர் வருவது எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனால் அந்த வேலையில் நான் ஓய்ந்துவிட்டேன் என்பது பொய்யில்லை. அண்மையில் அந்தப் பதிவேட்டின் அட்டைகள் எல்லாவற்றையும் கணினிக்கு ஏற்றிவிட்டார்களாம். ஏற்றியவர்களில் ஒருத்தி துளசி. இங்கே பிறந்து வளர்ந்த எங்கள் தமிழ்ப் பிள்ளை, புதிதாக அங்கே சேர்ந்தவள். அவள் ரெலிபோன் எடுத்து, "அண்ணா, சிவப்புத் துண்டு ஒட்டினால் எவ்வளவு தூரம் விலகி நிக்கோணும்? ஒருத்தரும் சரியாச் சொல்லீனமில்லை" என்று கேட்டாள். அன்று நானும் சரியாகச் சொல்லவில்லை. யோசித்து எழுதுகிறேன் என்றேன். அதுதான் இது.

முதலில் அந்த வேலை என்னவென்று சொல்ல வேண்டும். கஞ்சாச் செடியிலிருந்து எடுத்துச் செய்கிற ஒரு மருந்து இருக்கிறது. வாய்க்குள் அடிக்கிற ஸ்பிரே, சின்னப் போத்தல். எம்.எஸ். என்கிற நரம்பு நோய் வந்தவர்களுக்குக் கால் கை விறைத்து இழுக்கும். வேறு மருந்து எதுவும் பிடிக்காத சிலருக்கு இது பிடித்தது. நான் சொல்கிற காலத்தில், இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில், அந்த மருந்து இங்கே சாதாரணமாக விற்பனைக்கு இல்லை. ஒவ்வொரு நோயாளிக்கும் டாக்டர் தனித்தனியாக விண்ணப்பித்து அனுமதி எடுக்க வேண்டும். அந்த அனுமதிகளையும் அனுமதி பெற்றவர்களையும் வைத்திருந்த பதிவேடுதான் எங்களுடையது. ஒஸ்லோவில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடி. இரண்டு அறை, ஒரு இரும்பு அலுமாரி, நான்கு பேர்.

காலை ஒன்பதரைக்குத் தபால் வரும். ஒவ்வொரு உறையையும் நான்தான் வெட்ட வேண்டும், கிழிக்கக் கூடாது. உறையையும் கடிதத்தையும் சேர்த்துக் குத்தி, திகதி முத்திரை அடித்து, ஒரு பச்சை அட்டை எழுத வேண்டும். அட்டையில் பெயர் இருக்காது, ஒரு தொடர் இலக்கம்தான். அந்த இலக்கம் ஆருடையது என்ற பட்டியல் இரும்பு அலுமாரியில். அதன் பூட்டுக்குத் திறப்பு இரண்டு, ஒன்று ஸோல்வெயிடம், மற்றது என்னிடம். அட்டையில் நோய், முன்பு எடுத்துப் பார்த்த மருந்துகள், மாதத்துக்கு எத்தனை போத்தல், எந்த மருந்துக்கடை, அனுமதி முடிகிற நாள். அனுமதி ஒரு வருடத்துக்குத்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருந்துக்கடை தான் கொடுத்த போத்தல்களின் சீட்டை அனுப்பும். கூடக் கொடுத்திருந்தால் ஏன் என்று கேட்போம். குறையக் கொடுத்திருந்தால் ஒன்றும் கேட்க மாட்டோம். இதை நான் கவனித்ததே வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடத்துக்குப் பிறகுதான்.

அனுமதி முடிய ஆறு கிழமை இருக்கும்போது ஒரு நினைவூட்டல் கடிதம் போகும். டாக்டருக்கு மட்டும். நோயாளிக்கு நாங்கள் ஒருநாளும் எழுதுவதில்லை. ரெலிபோனும் எடுப்பதில்லை, கஞ்சா மருந்தென்று ஒருவருடைய பெயரைத் தொலைபேசியில் சொல்லி, அது வேறு காதில் விழுந்துவிட்டால் என்ன செய்வது? எல்லாமே கடிதம்தான்.

என் பயிற்சி ஆறு கிழமை. அதில் பாதி வாயை மூடிக்கொண்டிருக்கப் பழகியது.

ஸோல்வெயைப் பற்றி ஒருவரும் குறை சொல்ல முடியாது. ஐம்பது வயது கடந்த மனுசி, குட்டைத் தலைமயிர், குளிர்காலம் முழுக்க ஒரே சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. பதினொன்றரைக்குப் பாண் துண்டுகளை மெழுகுத்தாளிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாகச் சாப்பிட்டுவிட்டு, அந்தத் தாளை நான்காக மடித்து அடுத்த நாளுக்கு வைப்பார். குரல் உயர்த்த மாட்டார். ஆரும் அவசரம் என்று வந்தால், "செவ்வாய்க்கிழமை எடுப்போம்" என்பார். அது தட்டிக்கழிக்கிற சொல் இல்லை. செவ்வாய்க்கிழமை கட்டாயம் எடுப்பார். ஒரு அனுமதியை மறுக்க வேண்டி வந்தால் அந்தக் கடிதத்தைத் தானே எழுதுவார், மூன்று தரம் திருத்துவார். "மறுப்பு வாங்குகிறவர் எங்கள் கடிதத்தைப் பத்து வருடம் வைத்திருப்பார், அதில் பிழை இருக்கக் கூடாது" என்று ஒருமுறை எனக்குச் சொன்னார். அவரிடம் நான் கற்றதை இன்றைக்கும் மறக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுவது களைப்பாக இருக்கிறது. கெட்ட மனிதர் ஒருவர் இருந்திருந்தால் எழுதுவது சுலபம்.

சிவப்புத் துண்டு அவருடைய ஏற்பாடு. விண்ணப்பத்தில் வருகிற ஆளை எங்களில் ஒருவருக்குத் தெரிந்திருந்தால், அட்டையின் மூலையில் ஒரு சிவப்புத் துண்டை ஒட்டி, அதை மற்றவரிடம் கொடுத்துவிட வேண்டும். பிறகு தொடக் கூடாது, கேட்கக் கூடாது, கூட்டத்தில் அது வந்தால் வெளியே போக வேண்டும். நோர்வேயில் எந்த அரசாங்க வேலையிலும் இப்படி ஒரு சட்டம் உண்டு. தெரிந்தவனுக்குத் தெரிந்தவன் தீர்ப்புச் சொல்லக் கூடாது. எனக்கு அது பிடித்திருந்தது. அப்பா நோர்வேயின் வடக்கே மீன் தொழிற்சாலையில் பத்து வருடம் கை விறைக்க வேலை செய்தவர்; கையெழுத்து வைக்க மட்டும் தெரியும். அம்மாவுக்கு அதுவும் தெரியாது. எங்கள் வீட்டில் படித்தவன் என்று முதல் வந்தவன் நான். ஆளைத் தெரிந்ததால் இல்லாமல் படித்ததால் கிடைத்த வேலை என்ற பெருமை எனக்கு நிறைய இருந்தது. அதைக் காப்பாற்றுகிற துண்டு அது என்று நினைத்தேன்.

ஆர்னேக்கு அது பகிடி. என் வயதுதான் அவனுக்கும். "ஒஸ்லோவில் உனக்குத் தெரியாத தமிழர் ஒருவராவது இருக்கிறாரா?" என்பான்.

"இருக்கிறார். ஆனால் அவரையும் நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன்."

"அப்படியென்றால் சிவப்புத் துண்டு முழுப் பெட்டியும் உனக்குத்தான்."

உண்மையில் நான் அங்கே இருந்த ஏழு வருடத்தில் ஒட்டியது ஒன்றுதான். இந்த நோய் எங்கள் சனத்துக்குள் குறைவு.

ராணி மாமியும் குணம் மாமாவும் எங்களுக்கு எதிர்க் கட்டடம். பெயர்கள் மாற்றியிருக்கிறேன். இதை எழுதப் போகிறேன் என்று மாமாவிடம் கேட்டேன். "எழுது, பேரை மட்டும் போடாதை" என்றார். அவர் ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை. நோர்வே மொழி கதைப்பார், சண்டையும் பிடிப்பார். கடிதம் என்று வந்தால் மட்டும் ஓடாது. பத்து வயதிலிருந்து அந்தத் தொகுதியில் பாதிப் பேருடைய கடிதங்களை வாசித்தவன் நான். வரிக் கடிதம், வீட்டுச் சங்கக் கடிதம், பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கடிதம். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போனால் பிள்ளைகளின் பைகளுக்குள்ளிருந்து பெற்றோரின் உறைகள் வெளியே வரும். மாமா எனக்கு உறையை நீட்டினால், வாசித்து முடியும் வரைக்கும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். நான் சிரித்தால் நல்ல செய்தி.

மாமிக்கு நோய் வந்து நாலைந்து வருடத்துக்குப் பிறகு அவருடைய டாக்டர் எங்களுக்கு விண்ணப்பித்தார். உறையை வெட்டினேன், பெயரைக் கண்டேன், இரண்டாவது வரி வாசிக்கவில்லை. துண்டை ஒட்டி ஆர்னேயிடம் கொடுத்தேன். அந்தச் சனிக்கிழமையே மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, டாக்டர் ஒரு மருந்துக்கு எழுதினவர். உங்கடை கந்தோருக்குத்தான் வருமாம்."

"மாமா, அதைப் பற்றி நான் ஒண்டும் கதைக்கேலாது. என்னாலை ஒண்டும் செய்யவும் ஏலாது."

மாமா தலையை ஆட்டினார். "ஓம் ஓம், விளங்குது."

அவருக்கு விளங்கியது வேறு. கந்தோரில் இருக்கிற எங்கள் ஆள் ஒருவன் 'என்னால் ஒன்றும் செய்யேலாது' என்று மெல்லிய குரலில் சொன்னால், அவன் செய்யப் போகிறான் என்றுதான் மாமாவின் அனுபவம். செய்யாதவன்தான் 'பார்ப்பம்' என்று சொல்லுவான். இரண்டு கிழமையில் அனுமதி கிடைத்தது. ஆர்னே எழுதினான், கூட்டம் சம்மதித்தது, நான் வெளியே நின்றேன். மாமா ஒரு பெட்டி நிறையப் பலகாரத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் மாமி எங்கள் பதிவேட்டில் இருக்கிறார் என்று ஒப்புக்கொண்டதாகும். சொல்லாவிட்டால் நான் செய்ததாகும். அம்மா பெட்டியை வாங்கி வைத்தா.

மருந்து பிடித்தது. ராணி மாமி சோபாவிலிருந்து எழும்பி, சுவரில் ஒரு கை வைத்துக்கொண்டு, குசினி ஜன்னல் வரைக்கும் நடந்தா. அங்கே நின்றால் மாமா சுரங்க ரெயினால் இறங்கி மேலே ஏறி வருவது தெரியும். அவர் வரும்போது தேத்தண்ணிக் கேத்தலின் சுவிட்சைத் தட்டிவிடுவது தன் வேலை என்று வைத்துக்கொண்டா. ஒருநாள் நான் போனபோது எனக்கும் நடந்து காட்டினா.

"பதினொரு அடி. எண்ணிப் பார். போன மாசம் ஒரு அடிக்கும் வழியில்லை." பிறகு குரலைத் தாழ்த்தினா. "கஞ்சா அடிக்கிற மனுசி எண்டு என்ரை அப்பா கேள்விப்பட்டால் செத்தே போவார்."

"அவர் செத்து இருவது வருசம்," என்றார் மாமா.

"அதுதான் நல்லதாப் போச்சு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஆனால் அந்தச் சொல் வீட்டுக்கு வெளியே போகக் கூடாது என்பதில் இரண்டு பேரும் ஒற்றுமை. ட்ரொண்ட்ஹைமில் படிக்கிற மகளுக்கே 'நரம்புக்கு ஒரு ஸ்பிரே' என்றுதான் சொல்லியிருந்தார்கள். ஆகவே அந்த மருந்தைப் பற்றி ஏதாவது கடிதம் வந்தால் அதைக் காட்ட உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தான்.

அடுத்த வருடம் மாசி மாதம், மாமியின் அனுமதி முடிய ஆறு கிழமை இருக்கும்போது, ஆர்னே நினைவூட்டலை டாக்டருக்கு அனுப்பினான். அனுப்பிவிட்டு, கொண்டுவந்திருந்த கேக்கை வெட்டி எங்களுக்குத் தந்துவிட்டு, குழந்தையோடு இருக்க லீவில் போனான். அதற்கு அடுத்த சனிக்கிழமை, தமிழ்ப் பள்ளிக்கூடத்து வாசலில், சப்பாத்திலிருந்து பனியைத் தட்டிக்கொண்டு நின்ற என்னிடம் குணம் மாமா ஒரு உறையை நீட்டினார்.

"டாக்டரிட்டை இருந்து வந்திருக்கு. மாமியின்ரை மருந்து விசயம் போல. பார் தம்பி."

நான் கையை நீட்டவில்லை.

"மாமா, மாமியின்ரை மருந்து விசயமெண்டால் நான் பாக்கேலாது. சொன்னனான்தானே."

"ஒருக்கா வாசிச்சுச் சொல்லன். ஆரும் இல்லை இஞ்சை."

"வாசிக்கவே கூடாது மாமா. வாசிச்சால் என்ரை வேலை போயிடும். உங்களுக்கும் பிரச்சினை."

என் வேலை போகும் என்ற சொல்தான் வேலை செய்தது. மாமா சட்டென்று உறையை மடித்துக் கோட்டுக்குள் வைத்தார். சுற்றிப் பார்த்தார். "சரி சரி. நீ இதைப் பாக்கேல்லை. நான் காட்டவுமில்லை." போகும்போது என் தோளில் தட்டினார். எல்லாம் என் கையில் இருக்கிறது, நான் கவனித்துக்கொள்வேன் என்ற தட்டு அது. அன்றைக்கு எனக்கு அது விளங்கவில்லை. நான் சட்டத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்ற திருப்தியோடு வகுப்புக்குள் போனேன்.

நாலு கிழமை கழித்து ஆர்னேயின் தட்டில் ஒரு உறை கிடந்தது. நாங்கள் அனுப்பிய நினைவூட்டல். 'டாக்டர் இங்கே இல்லை' என்று யாரோ எழுதித் திருப்பியிருந்தார்கள். உறையின் மூலையில் எங்கள் தொடர் இலக்கம் எழுதுவது வழக்கம். அந்த இலக்கத்தை எனக்குத் தெரியும். துண்டை ஒட்டியவனே நான். அன்று முழுக்க அந்தத் தட்டைக் கடந்து போய்க்கொண்டிருந்தேன். பின்னேரம் ஸோல்வெயின் கதவைத் தட்டினேன்.

"ஆர்னேயின் தட்டில் திரும்பி வந்த கடிதம் ஒன்று இருக்கிறது."

"சிவப்புத் துண்டா?"

"ஓம்."

"அப்படியென்றால் நீ அதைப் பார்க்கவில்லை." கோபமில்லை, என்னைக் காப்பாற்றுகிற குரல். எழுந்து போய் உறையைத் தானே எடுத்து வந்தார். "செவ்வாய்க்கிழமை எடுப்போம்."

எடுத்தார்கள். அதுதான் நான் முதலில் சொன்ன கூட்டம். பத்து நிமிடம் கழித்து என்னை உள்ளே கூப்பிட்டார்கள். மேசையில் தோடம்பழத் தோல் ஒரே சுருளாக இருந்தது. என்ன முடிவென்று நான் கேட்கக் கூடாது, கேட்கவில்லை. பிறகு தெரிந்தது: அந்த நோயாளியின் புதிய டாக்டர் யார் என்று விசாரித்துக் கடிதம் எழுதுவது. எழுதினார்கள். அந்தக் கிழமை அனுமதி முடிந்தது. அடுத்த கிழமை ஈஸ்டர். ஒஸ்லோ முழுக்க மலைக் குடிலுக்குப் போய்விட்டது. கடிதம் ஒரு வெற்று மேசையில் கிடந்திருக்கும்.

மருந்துக்கடையில் மாமாவுக்குப் போத்தல் கொடுக்கவில்லை. 'அனுமதி முடிந்துவிட்டது, டாக்டரிடம் கேளுங்கள்' என்றார்களாம். மாமா கேட்கவில்லை. பெடியன் உள்ளுக்குள் இருந்து செய்துகொண்டிருக்கிறான், இப்போது ரெலிபோன் எடுத்து ஆரையாவது கேட்டால் அவனைக் காட்டிக்கொடுத்ததாகும் என்று பொறுத்தார். மாமிக்குக் கால் இழுக்கத் தொடங்கியபோதும் பொறுத்தார். எங்கள் வீட்டுக்கும் வரவில்லை. என்னைக் கண்டால் மற்றப் பக்கத்தால் போனார், எனக்காகத்தான். நானோ, என்னிடம் உறையை நீட்டியது பிழை என்று உணர்ந்து விலகிப் போகிறார் என்று நினைத்தேன். விலகுவது நல்லதென்றும் நினைத்தேன்.

ஈஸ்டர் முடிந்து நாலு கிழமைக்குப் பிறகு அம்மா சொன்னா: "ராணி விழுந்துபோனா. இடுப்பெலும்பு. குசினிக்குப் போகப் பாத்திருக்கிறா."

ஆஸ்பத்திரியில் மாமி மயக்க மருந்தில் இருந்தா. மாமா வெளியே ஒரு பிளாஸ்ரிக் கதிரையில், வேலைச் சட்டையோடு. என்னைக் கண்டதும் எழுந்து, தாழ்வாரத்தில் ஆரும் நிற்கிறார்களா என்று பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

"தம்பி, கடுதாசி எப்ப வரும்?"

"எந்தக் கடுதாசி மாமா?"

"நீ செய்யிறதுதான். மருந்துக்கு."

கடிதம் வாசிக்கும்போது பார்ப்பது போல என் முகத்தைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு விளங்கத் தொடங்கியது. மெதுவாக, படிப்படியாக.

"நீ செய்யேல்லையோ?"

"நான் செய்யேலாது மாமா. முதலே சொன்னனான்."

"நீ சொன்னனி," என்றார். "நான் அது சும்மா சொல்லுறதெண்டு நினைச்சன். நீ இருக்கிறாய் எண்டு நான் ஒருத்தருக்கும் ரெலிபோன் அடிக்கேல்லை. அடிச்சால் உனக்கு ஏதும் வந்திடும் எண்டு..."

"டாக்டரின்ரை கடிதம் எங்கை மாமா?"

கதிரையில் கிடந்த கோட்டுக்குள்தான் இருந்தது. நான் மறுத்த அன்று மடித்த மடிப்போடு, உடைக்காமல். அந்தத் தாழ்வாரத்தில் நின்று அதைக் கிழித்தேன். வெட்டக் கத்தரி இல்லை. நான்கு வரி. தான் ஓய்வு பெறுகிறேன், இன்ன டாக்டர் இனிப் பார்ப்பார், சிறப்பு அனுமதி மருந்து எடுப்பவர்கள் புதுப்பிக்க இந்த இலக்கத்துக்கு ஒரு ரெலிபோன் எடுங்கள், நன்றி. எங்கள் அலுவலகத்தின் கடிதம் இல்லை. எங்கள் அட்டையில் ஒட்டுகிற கடிதமும் இல்லை. ஒரு அயலவன் எந்தச் சட்டத்தையும் மீறாமல் பள்ளிக்கூட வாசலில் அரை நிமிடத்தில் வாசித்திருக்கக்கூடிய கடிதம்.

அங்கிருந்தே அந்த இலக்கத்துக்கு ரெலிபோன் எடுத்துக் கொடுத்தேன், மாமா கதைத்தார். புதிய டாக்டர் அன்றைக்கே விண்ணப்பித்தார். மறுநாள் காலை ஸோல்வெயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லக் கூடாததையும் சொன்னேன். அவர் செவ்வாய்க்கிழமை என்று சொல்லவில்லை. கையெழுத்து வைத்து, அனுமதியைத் தானே மருந்துக்கடைக்குக் கொண்டுபோனார். அவர் அப்படிச் செய்து நான் கண்டது அந்த ஒரு முறைதான்.

பிறகு ஒரு விசாரணை நடந்தது. எல்லாம் விதிப்படி நடந்திருக்கிறது என்று முடிந்தது. ஸோல்வெய் என்னைக் கூப்பிட்டு, "நீ செய்தது எல்லாம் சரி" என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். அந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டு இன்னும் மூன்று வருடம் அங்கே உறை வெட்டினேன். நினைவூட்டலின் பிரதி ஒன்றை நோயாளிக்கும் அனுப்பலாம் என்று இரண்டு தரம் எழுதிக் கொடுத்தேன். நான் விலகிய பிறகு, கணினி வந்ததோடு, அதுவும் வந்ததாம். காரணம் தபால் வேலையைச் சுருக்குவது என்று போட்டிருக்கிறார்கள்.

மாமா இப்போதும் கடிதங்களோடு வருகிறார். எந்த அலுவலகத்துடையது என்று நான் கேட்பதில்லை. வாங்கி, அந்த இடத்திலேயே உடைத்து, உரத்து வாசிக்கிறேன். முன்பு போல என் முகத்தைப் பார்ப்பதில்லை அவர். உறையைப் பார்க்கிறார்.

துளசி, அட்டையிலிருந்து கையை எடு. அது சரி. வாசலில் நீட்டுகிற உறையிலிருந்து எடுக்காதே. இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ராணி மாமி சக்கரக் கதிரையில் இருக்கிறா. மாமா வேலைக்குப் போகும்போது கதிரையைக் குசினி ஜன்னலடியில் தள்ளிவைத்துவிட்டுப் போகிறார், வந்து தானே கேத்தலைத் தட்டுகிறார். நான் விலகி நின்றது அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டது, கூட்டிப் பார்த்தால், மருந்தில்லாத நாற்பத்தொரு நாள். பிறகு, சோபாவிலிருந்து ஜன்னல் வரைக்கும், பதினொரு அடி.